வாய்வு என்று சொன்னவர்

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன் வேலாயுதம், மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் ஒரு மலாய்க்கார நர்ஸ்.

இன்று காலை பஸ் அந்த ஆஸ்பத்திரியைத் தாண்டியபோது, எண்பதுகளின் அந்த மத்தியானம் கனவுபோல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

அவசரப் பிரிவில் காற்றாடி தண்ணீருக்குள் சுற்றுவதுபோல் மெல்லச் சுற்றியது. வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன செய்கிறது என்று மிஸ்ஸி கேட்டாள்.

“அங்கின் சாஜா லா, மிஸ்ஸி,” என்று அண்ணன் முந்திக்கொண்டார். வெறும் வாய்வுதானாம். தைலமும் தேய்த்தாயிற்றாம்.

மிஸ்ஸி எங்களைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பினாள்.

புருஷனின் அண்ணன் முன்னால் நான் அதுவரை வாய் திறந்ததே இல்லை. ஆனால் பக்கத்தில் இவர் சட்டை வியர்வையில் நனைந்துகொண்டே வந்தது. எழுந்து போய், இடது கையும் வலிக்கிறது என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன்.

“ஒனக்கு என்னா தெரியும்? போய் உக்காரும்மா!” என்றார் அண்ணன்.

மிஸ்ஸி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தள்ளுவண்டி வந்தது. வெள்ளைக் கதவு சத்தமில்லாமல் திறந்து இவரை வாங்கிக்கொண்டது.

பிழைத்து வந்து, இன்னும் இருபது வருஷம் என்னோடு சண்டை போட்டார்.

மிஸ்ஸியை அன்றே மன்னித்துவிட்டேன். பேரப்பிள்ளைகளே, கோபம் வந்தால் இந்தப் பதிவுக்குக் கீழே தாராளமாக எழுதுங்கள்: நான் மன்னிக்காத ஆள் உங்கள் பெரிய தாத்தா வேலாயுதம்.