தம்பி திக்காமல் வாசித்த ஞாயிறு

மூன்று வருடங்களுக்கு முன்னர், ஊர்காவற்றுறையில் எங்கள் மாதா கோயிலில் ஞாயிறு காலைப் பூசை. வேதாகம வாசகம் வாசிக்க என் தம்பி எழும்பிப் போனான். சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் திக்குவாய். கடையில் சாமானின் பெயர் வாயில் வராது, கையால் காட்டித்தான் வாங்குவான். பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பெயரே 'கொன்னையன்'. படிப்பை விட்டுக் கடலுக்கு மீன்பிடிக்கப் போனதும் அதனால்தான். அங்கே அதிகம் பேசத் தேவையில்லை.

அன்று ஓரிடத்திலும் தடக்காமல் முழுவதையும் வாசித்தான். அம்மா முக்காட்டுக்குள் அழுதா. பூசை முடிந்ததும் நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தம்பி, நீ கதைக்கிறது எவ்வளவு வடிவாயிருக்கு! இனி இப்பிடியே கதைக்க வேணும்."

அதற்குச் சில வாரங்கள் முன்பே அவன் பேச்சு மாறியிருந்தது. ஆளும் மெலிந்திருந்தான், நித்திரையும் இல்லை. தொழிலின் களைப்பு என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் நான் கேட்கவில்லை. கேட்டால் அந்தப் பேச்சு போய்விடுமோ என்று பயம்.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் வாசிக்கப் போனான். முதல் சொல்லே வரவில்லை. தாடை இறுகி, கழுத்து நரம்பு புடைத்து, கை நடுங்க நின்றான். முன்பெல்லாம் முதலெழுத்தாவது வரும். அன்று மூச்சுக்கூட வெளியே வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் எழும்பிப் போய்ப் பக்கத்தில் நின்றிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு இருந்துவிட்டேன். வேறொருவர் போய் வாசித்து முடித்தார்.

வீட்டுக்கு வந்து அடுப்படி வாசலில் வியர்த்துப்போய் இருந்தான்.

"என்னத்தைப் பாவிக்கிறாய்?" என்று கேட்டேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான். "ஐ... ஐஸ்."

கூடத் தொழிலுக்குப் போகும் ஒருவன், நித்திரை வராமலிருக்கக் கொடுத்த போதைப்பொருளாம். அதைப் பாவித்த அன்றைக்கு வாய் திறந்ததாம். பிறகு கூடக் கூடத் தேவைப்பட்டதாம். இப்போது பாவித்தாலும் வாய் பூட்டிக்கொள்கிறதாம்.

"வி... விடு எண்டுதானே சொல்லப்போறியள்? அப்ப என்ர க... கதையையும் விடட்டோ? நீங்கள்தானே இ... இப்பிடியே கதைக்கச் சொன்னனீங்கள்?"



அடுத்த வாரம் லீவு போட்டு, பஸ்ஸில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். வைத்தியர் பார்த்தபின் பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் அனுப்பினார். இளம் பெண். தம்பியிடம் பெயர் கேட்டா. அவன் தன் பெயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வழக்கம்போல நான் எடுத்துக்கொடுக்கப் போனேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினா.

"திக்கினாலும் பரவாயில்லை, ஆறுதலாச் சொல்லுங்கோ. நான் இருக்கிறன்."

அவன் சொல்லி முடிக்கும்வரை மணிக்கூட்டைப் பார்க்காமல் இருந்தா. இத்தனை வருடத்தில் நான் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

பிறகு என்னிடம், "இதைப் பாவிச்சா சில பேருக்கு முதல்ல நாக்கு லேசான மாதிரி இருக்கும் அக்கா. சில பேருக்குத் திக்குக் கூடும். நித்திரை கெட்டு உடம்பு பதறத் தொடங்கினா கதையும் குழம்பும். விட்ட உடனே எல்லாம் சரிவரும் எண்டு நான் சொல்லமாட்டன்" என்றா.

சரிவரவில்லைத்தான். இரண்டு தரம் விட்டான், இரண்டு தரமும் திரும்பப் போனான். ஒவ்வொரு தரமும் அதே பஸ், காத்திருக்க அதே வாங்கு, அதே கேள்விகள். அம்மா செபமாலையைக் கையிலிருந்து இறக்குவதில்லை. எனக்குச் செபிக்கவும் அலுத்துவிட்டது. இப்போது ஏழு மாதமாகத் தொடவில்லை என்கிறான். நம்புகிறேன், நம்பாமல் என்ன செய்ய?

பழையபடி திக்குகிறான். நான் இப்போது சொல் எடுத்துக்கொடுப்பதில்லை. மீன் வெட்டுகிற கையை நிறுத்திவிட்டு, அவன் முடிக்கும்வரை இருக்கிறேன். சில நாட்களில் தானாகவே பேச்சுச் சீராக வரும், அது இயல்புதான் என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறா. ஆனாலும் அப்படியான நாட்களில் என் கண் தன்பாட்டில் அவன் கையைத்தான் பார்க்கிறது, நடுங்குகிறதா என்று. அவன் திக்காமல் பேச வேண்டுமென்று எத்தனையோ வருடம் நேர்த்தி வைத்தவள் நான். இப்போதோ, அவன் திக்கிய நாளில்தான் எனக்கு நிம்மதியாக நித்திரை வருகிறது.