இத்தாலியில் செய்த சின்னப் பிளேன்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை என் மகள் ஆங்கிலத்தில் மாற்றித் தருவாள். இதில் ஒரு விஷயம் அவளுக்கும் தெரியாது.

ரொறன்ரோவில் பழைய பிளேன்கள் வைத்திருக்கும் காட்சிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை செய்கிறேன். நாங்கள் இருக்கும் ரூஜிலிருந்து இரண்டு பஸ். இந்த வசந்தத்தில் அங்கே புதிதாக ஒன்றைக் கூரையில் தொங்கவிட்டார்கள். ஒற்றை எஞ்சின், வெள்ளை நிறம், இத்தாலியில் செய்தது. கீழே நிலம் துடைத்துக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தேன். அதன் வயிற்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

மகளைக் கூட்டிப்போய் அதன் விளக்கப் பலகையை வாசிக்கச் சொன்னேன்.

"பயிற்சி விமானமாம் அப்பா. கன நாடுகள் வாங்கினதாம். பழகிறவைக்கு ஓட்ட நல்ல சுகமாம்."

"குண்டு போட்டதெண்டு இல்லையோ?"

"இல்லை, ட்ரெய்னர் எண்டுதான் கிடக்கு. நீங்கள் வேறை பிளேனை நினைக்கிறியள் போலை."

"நான் கீழை நிண்டு பாத்தவன், பிள்ளை."

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊருக்குச் சிறகின் கீழே குண்டு கட்டிக்கொண்டு வந்தது இதுதான். காட்சிக்கூடப் பொறுப்பாளரிடம் மகள் சொன்னாள். நான் அவள் பின்னால் நின்றேன். எழுத்தில் தாருங்கள், பலகையை மாற்றுவது பற்றி யோசிப்போம் என்றார். மரியாதையான மனிதர். ஆறு மாதமாக நான்தான் எழுதவில்லை.

சத்தத்தை வைத்தே எது வருகிறது என்று சொல்வதில் ஊரில் நான் கெட்டிக்காரன். ஹெலியா, பொம்மரா என்று அயலட்டைச் சனம் என்னைத்தான் கேட்கும். நான் சொன்னால்தான் பங்கர்க் குழிக்குள் இறங்குவார்கள். பத்து வயதில் அந்த மதிப்பு எனக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

அன்று அம்மா குசினியில் உலை வைத்திருந்தா. அதுவரை கேட்காத மெல்லிய சத்தம் ஒன்று வந்தது.

"என்னடா வருது? அடுப்பை நூத்துப்போட்டு பங்கருக்கு வரட்டோ?"

"வேண்டாம் அம்மா. உது சின்னன். ஆரோ ஓடிப் பழகினம். சுத்திப்போட்டுப் போயிடும்."

"பெரிய பைலற் சொன்னாச் சரிதான்" என்று சிரித்தா.

முற்றத்தில் நின்று பார்த்தேன். பிளேன் சாய்ந்தது, வயிறு தெரிந்தது. நான் பங்கருக்குள் குதித்தேன். அம்மா குசினியிலேயே நின்றா.

உலையை விட்டு ஓடிவந்திருக்கலாமே என்று அப்பா சாகும்வரை அம்மாவைத்தான் குறை சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. மகளுக்கும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

பலகை எழுதியவர் மேல் எனக்கு ஆத்திரம். ஆனால் அவர் எழுதியதைத்தான் அன்று நானும் சொன்னேன்.

பொறுப்பாளர் ஐயா, இது குண்டு போட்டது, குசினியில் நின்ற ஒரு பெண் செத்தா என்று ஒரு வரி சேருங்கள். சேர்க்காவிட்டாலும் திங்கட்கிழமை அதன் கீழே நான்தான் துடைப்பேன்.

பிள்ளை, அப்பம்மா ஓடாமல் நின்றது உலைக்காக இல்லை. நான் சொன்னதற்காக. இதையும் விடாமல் ஆங்கிலத்தில் எழுது.

2024 கார்த்திகை 9, சனிக்கிழமை