கட்டுக்கம்பி போட்ட சிலிண்டர்

ராஜவேல் அண்ணனை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பல்கலைக்கழகத்து வேதியியல் ஆய்வகத்தில் அவர் உதவியாளர், நான் டெக்னீஷியன். பாகூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து கதவைத் திறப்பவர் அவர். இத்தனை வருஷமாகத் தினக்கூலிதான். வேலை நிரந்தரமாக வேண்டும் என்று அவர் கும்பிடாத சாமி இல்லை.

ஆயுதபூஜை வந்தால் மனுஷனுக்குத் தலைகால் புரியாது. சுவரில் மாட்டியிருக்கும் தீயணைப்பு சிலிண்டர்களை இறக்கித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் சுற்றி வரிசையாக நிறுத்துவார். போன வருஷம் பூஜைக்கு வந்த புரொபசர் வீட்டு வாண்டு ஒன்று, ஒரு சிலிண்டரின் கைப்பிடியில் செருகியிருக்கும் பின்னை உருவி அமுக்கிவிட்டது. ஹால் முழுக்க வெள்ளைப் பவுடர். பிள்ளையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனைத்தான் துறைத்தலைவர் எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கிழித்தார்.

"இன்னொரு தடவ இப்பிடி ஆச்சின்னா, வேலைக்கே வராத!"

அந்தப் பயத்தில் இந்த வருஷம் பூஜைக்கு முன்பே எல்லாப் பின்னையும் கட்டுக்கம்பியால் சுற்றி, பிளேயரால் முறுக்கி இறுக்கிவிட்டார். "இனிமே எந்தப் புள்ள இழுத்தாலும் வராது மாலா" என்று என்னிடம் சிரித்தார். பூஜை முடிந்தும் அவிழ்க்கவில்லை.

அடுத்து வந்தது பாதுகாப்பு இன்ஸ்பெக்‌ஷன். பாதுகாப்பு அதிகாரி நெல்சன் சார் ஒவ்வொரு சிலிண்டரிலும் தேதியைப் பார்த்தார், கம்பியையும் தொட்டுப் பார்த்தார்.

"பரவாயில்லயே ராஜவேலு, கோயில் மாதிரி வச்சிருக்கியே!" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அதே மாதம், ஆராய்ச்சி மாணவி சிந்துஜாவின் நைலான் துப்பட்டாவில் ஸ்பிரிட் விளக்கின் தீ பற்றிக்கொண்டது. ஐயோ, அந்த அலறல்! அண்ணன் ஓடிப்போய் சிலிண்டரைத் தூக்கினார். கம்பி கட்டிய அந்தப் பின் அசையவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். உதடு கிழிந்ததே தவிரக் கம்பி இளகவில்லை.

"பிளேயரு... பிளேயரு எங்க மாலா!"

நான் மேசை டிராயர்களை இழுத்துப் போட்டுத் தேடினேன், கிடைக்கவில்லை. அவர் சிலிண்டரைக் கீழே போட்டார். வெறுங்கையால் அவள் மேலிருந்த துணியைப் பிடுங்கிக் கசக்கி அணைத்தார். நைலான் உருகி அவர் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது.

சிந்துஜா தோளில் ஒரு காயத்தோடு தப்பித்தாள். அண்ணனுக்குக் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் இரண்டு கையிலும் முழங்கை வரை கட்டு. அவர் மனைவி தனக்கொடி கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது நெல்சன் சார் வந்தார். நலம் விசாரிக்கத்தான் என்று நினைத்தேன். மெமோவை எடுத்து நீட்டினார். பாதுகாப்புக் கருவியைக் கெடுத்ததற்காக, நாளையிலிருந்து வேலை கிடையாதாம்.

"நீங்கதான சார் கம்பியத் தொட்டுப் பாத்துட்டு நல்லா இருக்குன்னீங்க?" என்று கேட்டேன்.

"தேதி சரியான்னு பாக்கறதுதாம்மா என் வேல. கம்பிக்கெல்லாம் ஃபாரத்துல கட்டம் கிடையாது."

அடப்பாவி! அண்ணனோ எழுந்து உட்கார முயன்றார்.

"அந்தப் பொண்ணு எப்பிடி சார் இருக்குது?"

நெல்சன் சார் பேனாவை நீட்டினார். "மெமோவ வாங்கிக்கிட்டேன்னு ஒரு கையெழுத்து போடு."

அதிகாரி கொடுத்தால் வாங்கித்தானே பழக்கம்? கட்டுப்போட்ட இரண்டு கையையும் அண்ணன் நீட்டினார்.