பெருமாள்ராஜுக்கு ஒரு கன்ட்ரோலர்

பாளையங்கோட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சேக் முகம்மது என்று கேட்டால் கோர்ட்டுப் பக்கம் யாரும் காட்டுவார்கள். கடையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கிற சால்ட்ரிங் வேலை கலைச்செல்விக்கு. மாஞ்சோலையில் பதினைந்து வருஷம் தேயிலைக் கொழுந்து கிள்ளிவிட்டுக் கீழே இறங்கி வந்தவள். பிடிவாதத்தில் நானெல்லாம் அவள் கால்தூசிக்குப் பெறமாட்டேன்.

அவள் தம்பி பெருமாள்ராஜ் வீடியோ கேம் கால்பந்தில் சூரன். பைக் விபத்தில் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. எட்டு மாதமாக அந்தக் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தான். ஒரு கல்லூரியில் போட்டி என்று தெரிந்ததும் கலைச்செல்வி அவனைக் கேட்காமலே பெயர் கொடுத்துவிட்டாள். கடையில் விற்கிற கன்ட்ரோலருக்கு இரண்டு கை வேண்டும், அவனுக்கு நாங்களே ஒன்று செய்தாக வேண்டும். போட்டி விதிப்படி சொந்தக் கன்ட்ரோலர் கொண்டுவரலாம். கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது.

"ஆர்டுயினோ ஊனோன்னு ஒரு சர்க்யூட் போர்டு இருக்கு, அத வாங்கு, பச்சப்புள்ளகூட அதுலதான் படிக்குது" என்றேன், பெரிய மேதாவி மாதிரி. வாங்கிப் பட்டன்களை இணைத்தாள். கம்ப்யூட்டர் அதைக் கன்ட்ரோலராக மதிக்கவே இல்லை. அந்தப் பழைய மாடலின் முக்கியச் சிப் யுஎஸ்பியில் நேராகப் பேசாதாம், நடுவில் ஒரு மென்பொருள் வேண்டுமாம். இன்ஸ்டால் கூடாது என்ற போட்டி விதி இடித்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அடுத்து ப்ரோ மைக்ரோ என்று ஒரு நகல் போர்டு. நேராகப் பேசும். ஆனால் கேபிள் செருகுகிற சாக்கெட்டை ஆட்டிப் பார்த்துத் தள்ளிவைத்துவிட்டாள்.

"பேந்து வந்த சாக்கெட்டத்தான பாய் தெனமும் ஒட்டுதேன்? இது ஒரு இழுப்புக்குத் தாங்காது."

கடைசியில் பைக்கோ என்று இன்னொரு போர்டு. சாக்கெட் உறுதி, பட்டன் இணைக்கவும் இடம் தாராளம். என் தடிமுனை சால்ட்ரிங் அயர்னை ஒதுக்கிவிட்டு, சூட்டைக் கூட்டிக் குறைக்கிற மெல்லிய முனை அயர்ன் வாங்கினாள். கம்ப்யூட்டர் உடனே கண்டுகொண்டது. தம்பிதான் திணறினான்.

"இது எனக்கு ஆவாதுக்கா."

பார்த்தால், பட்டன் அத்தனையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும்தான்!

"கொழுந்து கிள்ளுன கை பாய்," என்றாள். "மத்த மூணு வெரலு நெனப்புலயே வரல."

எல்லாவற்றையும் பிரித்தாள். களிமண் உருண்டையை அவனை இடது கையால் பிடிக்கச் சொல்லி, விரல் பதிந்த ஐந்து குழியிலும் பட்டன் வைத்தாள். ஆட்டக்காரனை ஓடவைக்கிற குச்சி மட்டும் மிச்சம். அதன் தலையில் மணிக்கட்டு முனை பதிகிற அளவில் ஒரு ரப்பர் கிண்ணத்தை ஒட்டி வலப்பக்கம் நட்டாள்.

"இதுக்கு அந்தக் கைதாம்லே வேணும். துண்ட எடு."

"மாட்டேன்."

"அப்பம் ஆடாத."

நானாயிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவன் துண்டோடேயே பழகினான். கிண்ணத்தில் துணி வழுக்க வழுக்கத் தோற்றான்.

போட்டியன்று கூடம் நிறையக் கல்லூரிப் பிள்ளைகள். முதல் ஆட்டத்தில் பாதி நேரத்துக்குள் இரண்டு கோல் வாங்கிவிட்டான். அக்காவைத் திரும்பிப் பார்த்தான். துண்டைப் பல்லால் கடித்து உருவிக் கீழே போட்டான். அந்த ஆட்டத்தை ஜெயித்தான், அடுத்ததையும். மூன்றாவதில் தோற்றான்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் கவனித்தேன். "லே, துண்ட அங்கனயே விட்டுட்டு வந்துட்டியே."

"கெடக்கட்டும் பாய்," என்றவன் அக்கா பக்கம் திரும்பி, அந்தக் கையாலேயே காற்றில் சாய்த்துக் காட்டினான். "குச்சிய இன்னும் கொஞ்சம் இங்கன சாய்ச்சு வைக்கா."