உயர்த்த வேண்டிய கை

பத்தாம் வகுப்போடு நின்றவன் பயணக் குறிப்பு எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் நோர்பரியில் மழைக்கு ஒரு பலசரக்குக் கடையில் ஒதுங்கி நிற்கிறேன். இங்கே குடியேறிய ஈழத் தமிழரின் ஊர்ச் சங்கத்தில் ஓர் அணி, தலைவர் பதவிக்குத் தன் வேட்பாளரை நாளை தேர்ந்தெடுக்கிறதாம். கல்லாவுக்கு மேலே போட்டியிடும் இருவர் படங்கள்: ஒரே கோட், ஒரே சிரிப்பு. இருவருமே ஒற்றுமைக்காகத்தான் மோதுகிறார்கள்.

“நீங்கள் யார் பக்கம்?” என்று கடைக்காரரிடம் தயங்கிக் கேட்கிறேன்.

“ஒருத்தர் என்ரை மகளுக்கு மாமனாரா வரப்போறவர். மற்றவர் இந்தக் கடையை வாடகைக்குத் தந்தவர்.”

“ரகசிய வாக்குதானே?”

“இல்லை அண்ணை, எல்லாருக்கும் முன்னாலை கை உயர்த்தோணும். ரெண்டு கையும் உயர்த்தேலாதே.”

ஜனநாயகம் ஒளிவுமறைவில்லாமல்தானே இருக்க வேண்டும்.

மறுநாள் கடைக்காரர் வலது கையில் கட்டுப் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். இடது கையை உயர்த்தச் சொன்னார்கள்.