தண்ணி வருது

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு மார்கழி மாதம், ஆழ்வார்குறிச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. நான் பிறந்தது மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில். கல்யாணமாகி வந்தது கீழே, ஆற்றோரம் வயல் வைத்திருக்கும் குடும்பத்துக்கு. ஒரே மலை, ஒரே தண்ணீர்தானே, பேச்சில் என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

அந்த வருஷம் மழை எங்களை நன்றாக ஏமாற்றியது. பிசானப் பருவத்து நெல் நடவு முடிந்து பயிர் பச்சை பிடிக்கிற நேரத்தில் வாய்க்கால் காய்ந்து கிடந்தது. மேற்கே மலையை மேகம் மூடியிருக்கும். இங்கே ஒரு தூறல் விழாது. என் வீட்டுக்காரர் தினமும் காலையில் வாய்க்காலைப் பார்த்துவிட்டு வந்து மம்பட்டியை மூலையில் சாத்திவிடுவார்.

அன்று நான் புறவாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் வேலை பார்த்த என் அண்ணன் அவருக்குப் போன் பண்ணினான். இரண்டு வார்த்தைக்குள் லைன் கட்டாகிவிட்டது. மலையில் டவர் எப்போதும் அப்படித்தான். அவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

"ஏட்டி, தண்ணி வருதாம். ஒங்கண்ணன் சந்தோஷத்துல என்னமாக் கத்துதான்" என்று சொல்லிவிட்டு மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். போகிற வழியில் பக்கத்து வயல் அண்ணாச்சியையும் கூப்பிட்டுக்கொண்டு போனது காதில் விழுந்தது.

எனக்கும் சந்தோஷம்தான். கீழே எங்கள் ஊரில் அதைவிட நல்ல செய்தி கிடையாது. வாய்க்காலில் தண்ணீர் திறந்தால் தெருவில் யாராவது அப்படிச் சொல்லிக்கொண்டு போவார்கள், ஆம்பளைகள் மடை திறக்க ஓடுவார்கள். அடுத்த சட்டியைக் கையில் எடுத்தபோதுதான் அண்ணன் கத்தினான் என்பது உறைத்தது. எங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்தால் அவன் எதற்குக் கத்த வேண்டும்? மலையில் அந்தப் பேச்சுக்கு அர்த்தமே வேறு. ஓடையில் துணி துவைக்கும்போது மேலே மழை இறங்கினால் யாராவது 'தண்ணி வருது' என்று அலறுவார்கள். துணியைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மேடேறுவோம்.

அவர் போன் அலமாரியில் கிடந்தது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். வாய்க்கால் கரையில் ஏறும்போதே ஆற்றின் சத்தம் மாறியிருந்தது. எங்கள் வயல் கரையை ஒட்டி; அண்ணாச்சி வயல் அதற்குக் கீழே, ஆற்றோரமாக. இரண்டு பேரும் அவரவர் மடையில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அடித்தொண்டையிலிருந்து கத்தினேன். பயத்தில் பிறந்த இடத்துப் பேச்சுதான் வாயில் வந்தது.

"தண்ணி வருது! தண்ணி வருது!"

அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார். தெரியும் என்கிற மாதிரி சிரித்து, கையை உயர்த்திக் காட்டிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் மட்டும் நான் தலைவிரி கோலமாக நிற்பதைப் பார்த்து, வீட்டில் என்னவோ ஏதோ என்று பதறி ஏறி வந்தார். அவர் கரைக்கு வந்து சேரவும், செம்மண் நிறத்தில் தண்ணீர் மரங்களை இழுத்துக்கொண்டு வந்து வயலை மூடவும் சரியாக இருந்தது. அண்ணாச்சி நின்ற இடம் எது என்றே தெரியவில்லை. இவர் இறங்கப் போனார். இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு திட்டியும் விடவில்லை.

வெள்ளம் வடிந்த பிறகு, வெகு தூரம் தள்ளி ஒரு முள்காட்டில்தான் அண்ணாச்சியைக் கண்டெடுத்தார்கள்.

அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். அழுது ஓய்ந்த ஒரு நாள் மதினி என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, கடைசியாகப் பார்த்தபோது அவர் எப்படி இருந்தார் என்று கேட்டாள். சிரித்தார், கையைக் காட்டினார் என்று உள்ளதைச் சொன்னேன்.

"தண்ணி வருதுன்னு கேட்டுட்டுத்தான போனாவ. சந்தோஷமாத்தான் போயிருப்பாவ" என்றாள்.

அவளுக்கு அது ஆறுதல். எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

தோட்டத்தை விட்டு இப்போது அண்ணனும் கீழே வந்துவிட்டான். அந்தப் போனைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆபத்தென்றால் என்ன வருகிறது என்று கத்தாதீர்கள், என்ன செய்ய வேண்டுமோ அதைக் கத்துங்கள் என்று பிள்ளைகளுக்கு மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன். 'கரையேறுங்க அண்ணாச்சி' என்று நான் கத்தியிருந்தால், அந்த மனுஷர் ஏன் எதற்கு என்று கேட்காமல் மம்பட்டியைப் போட்டுவிட்டு ஏறி வந்திருப்பார்.