குலுங்காத பின்சீற்

கணேசண்ணை போய்விட்டார் என்ற செய்தி வவுனியாவில் நாங்கள் இடம்பெயர்ந்திருக்கும் நெளுக்குளத்துக்கு வந்துசேர எட்டு நாள் எடுத்தது. வைத்தியத்துக்காக வவுனியாவுக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்: "செத்தவீட்டுக்கு வந்த சனத்தைப் பார்த்திருக்கோணும். நிக்க இடமில்லை." என் மனைவி குசினிக்குள் போய் அழுதாள். என் செத்தவீட்டிலும் இப்படி அழுவாளா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அவரை அறிந்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

எங்கள் ஊரான பரந்தனில் இருவரும் வாடகைக் கார் ஓடினோம். இரண்டுமே பழைய மொறிஸ் மைனர். என்னைவிட அவருக்கு மூன்று மாதம்தான் மூப்பு. ஆனால் ஊருக்கெல்லாம் அவர் அண்ணை, நான் தம்பி.

சண்டையால் சாமான் எதுவும் வராத பொருளாதாரத் தடைக்காலத்தில் உதிரிப்பாகம் ஏது? அவர் தன் முற்றத்தில் காரின் பின்பக்கத்தை உயர்த்திப் பனங்குற்றிகளில் நிறுத்தினார். நட்டுக் கழற்றும் சாவி இரண்டு, ஒரு சுத்தியல், ஓர் உளி. குலுக்கலைத் தாங்கும் வில்லுத்தகடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, துருக்கறளைச் சுரண்டி, தட்டையாகிப் போனவற்றைத் தட்டி வளைத்தார். தேய்ந்த றப்பர் புஷ்களுக்குப் பதிலாகப் பழைய ரயரை வெட்டிப் போட்டார். கிறீஸ் கிடைக்காததால் தகடுகளுக்கிடையே இலுப்பெண்ணெய் பூசினார். அதன்பிறகு குழியில் இறங்கினாலும் பின்சீற் குலுங்காது. பிள்ளைத்தாய்ச்சிகளும் நெஞ்சுவலிக்காரரும் அவரையே தேடிப் போனார்கள்.

எனக்கு வயிறு எரிந்தது. அவரைவிடப் பலமாகச் செய்கிறேன் பார் என்று லொறித் தகடு ஒன்றைக் கூடுதலாகச் செருகினேன். காரின் பின்பக்கம் வாத்துப்போலத் தூக்கிக்கொண்டு நின்றது. சின்னக் கல்லில் ஏறினாலும் பின்னால் இருப்பவரின் தலை கூரையில் இடித்தது. கணேசண்ணை வந்து குனிந்து பார்த்தார்.

"பாரத்துக்குத் தகடு போடாதையும் தம்பி. பின்னால இருக்கிற ஆளுக்குப் போடும். நாளைக்கு வாறன், கழட்டுவம்."

"தேவையில்லை" என்றேன்.

அடுத்த மாதம் மனைவிக்கு வலி கண்டது. காரை வாசலுக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தேன். அவள் ஏறவில்லை.

"இதில ஏறினா பிள்ளை ரோட்டிலதான் பிறக்கும். கணேசண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

நானே போய் அழைத்துவந்தேன். கிளிநொச்சி ஆஸ்பத்திரி வரை அவர் பக்கத்தில், முன்சீற்றில் இருந்தேன். எந்தக் குழியிலும் அவள் 'ஐயோ' என்று சொல்லவில்லை. எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. இறக்கிவிட்டு அவர் மறுபடியும், "நாளைக்கு வாறன்" என்றார். நான் தலையாட்டவில்லை. காரை விட்டுவிட்டு இடம்பெயரும்வரை அந்த லொறித் தகட்டோடுதான் ஓடினேன்.

அவருடைய படமொன்றுகூட என்னிடம் இல்லை. அவர்மேல் கொண்ட பொறாமை இருக்கிறது. அதை நான் விடப்போவதில்லை. ஊர் திரும்பி, இன்னொரு கார் வாங்கி, ஒருநாளாவது அவரை முந்திவிட்டு, "நீங்கள் சொன்னதுதான் சரி அண்ணை" என்று சொல்வதாக இருந்தேன். அதுவரை அவர் பொறுக்கவில்லை.